தூக்க ஆய்வில் சொல்லும் அளவும்: பினாங்கில் புதிதாகச் சேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

தூக்கம் பற்றிய ஆய்வுகளுக்குப் பினாங்கில் தமிழ் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். பாயான் லெப்பாஸ் ஆலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், பட்டர்வொர்த்தில் கடை நடத்துபவர்கள், நிபோங் திபால் பக்கம் தோட்டத்திலேயே வளர்ந்து முதுமை அடைந்தவர்கள் ஆகியோரிடம் உட்கார்ந்து பேசிப் படிவம் நிரப்ப, மலாயும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்தவரால் எப்போதும் முடிவதில்லை. அந்த வேலைக்கு வரும் மாணவர்களும் ஆய்வு உதவியாளர்களும் பெரும்பாலும் உளவியலோ மருந்தியலோ தாதிமையோ படித்தவர்கள். தூக்க மருத்துவத்தின் சொற்கள் அவர்களுக்குப் புதியவை. ஆனால் எல்லாம் அன்றாடச் சொற்களைப் போலவே ஒலிப்பதால், புதியவை என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்த விரும்பும் பழக்கம் ஒன்றுதான். தூக்க ஆய்வில் எந்தச் சொல்லை எழுதினாலும் அதற்குப் பக்கத்திலேயே நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: எதை அளந்தோம், எதைக் கொண்டு அளந்தோம், எந்த விதிப்படி எண்ணினோம், எதனால் வகுத்தோம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 1993-இல் வெளிவந்த விஸ்கான்சின் ஆய்வைப் பாருங்கள். அந்த அமெரிக்க மாநிலத்தில் 30 முதல் 60 வயதுவரை உள்ள அரசு ஊழியர்களை ஆய்வுக்கூடத்தில் தூங்க வைத்து மூச்சைப் பதிவு செய்தார்கள். மணிக்கு 5 தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டால் 'உண்டு' என்று கொண்டபோது ஆண்களில் 24 விழுக்காடு, பெண்களில் 9 விழுக்காடு. அதோடு பகலில் தூக்க மயக்கமும் இருக்க வேண்டும் என்று சேர்த்தவுடன் ஆண்கள் 4 விழுக்காடு, பெண்கள் 2 விழுக்காடு. ஆட்கள் அவர்களேதான், பதிவும் அதேதான். ஒருவர் 24 என்று எழுதலாம், இன்னொருவர் 4 என்று எழுதலாம். இருவருமே 'தூக்க மூச்சுத்தடை' என்ற ஒரே சொல்லைப் போட்டிருந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

பிறகு 2015-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மணிக்கு 15-க்கு மேல் என்ற கடுமையான எல்லையை வைத்தும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர், பெண்களில் 23 விழுக்காட்டினர் அதற்குள் வந்தார்கள். இருபது ஆண்டில் மனிதர்களின் தொண்டை இவ்வளவு சுருங்கிவிடவில்லை. அங்கு வயது கூடுதல், உணர்கருவிகள் நுட்பமானவை, எண்ணும் விதியும் மாறியிருந்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து 'நோய் பெருகிவிட்டது' என்று எழுதும் கட்டுரைகளை இன்றும் பார்க்கிறேன். அப்படி எழுதாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதல் வேலை: சொல்லட்டை

தரவு சேகரிக்கத் தொடங்குவதற்கு முன்பே, அதாவது ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிக்குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போதே, ஒரு சொல்லட்டை தயார் செய்யுங்கள். ஒரு தாள் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் மேலே சொன்ன நான்கு பதில்கள். ஐந்தாவதாக, நேர்காணலில் அதைத் தமிழில் எப்படிக் கேட்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆய்வு என்றால் அதன் நெறிக்குழுவான ஜெபெமிடமும், சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு வழியாக அமைச்சின் நெறிக்குழுவிடமும் போக வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் ஒரு வரையறை, படிவத்தில் இன்னொன்று, கடைசிக் கட்டுரையில் மூன்றாவது என்று இருந்தால் பின்னால் யாரும் சரிசெய்ய முடியாது. அட்டையை முதலிலேயே எழுதிவிட்டால் மூன்று இடத்திலும் அதையே ஒட்டிக்கொள்ளலாம்.

தூக்கம், உறக்கம், நித்திரை மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் ஓர் ஆய்வுக்கு ஒன்று போதும். நம் மக்கள் பேசுவது தூக்கம், அதையே வைத்துக்கொள்ளுங்கள். கதை எழுதும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பு. ஆய்வில் சொல்லை மாற்றினால், பொருளும் மாறிவிட்டது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

அவர் சொன்னது, கருவி காட்டியது, மருத்துவர் முடிவு செய்தது

இந்த மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். 'தூக்கமின்மை' என்ற சொல் மூன்றுக்குமே பயன்படுகிறது, குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

"எனக்குத் தூக்கமே வருவதில்லை" என்று ஒருவர் சொன்னால் அது முறையீடு. தூக்கமின்மைத் தீவிர அட்டவணையின் ஏழு கேள்விகளுக்கும் பதில் வாங்கிக் கூட்டி, 28-க்கு 16 என்று வந்தால் அது மதிப்பெண். 15 முதல் 21 வரை உள்ள நடுத்தரத் தீவிரம் என்ற வரம்புக்குள் வருகிறது. இன்னும் நோயறிதல் ஆகிவிடவில்லை. 2014-இல் வந்த பன்னாட்டுத் தூக்கக் கோளாறு வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பின்படி, நாட்பட்ட தூக்கமின்மைக் கோளாறு என்று சொல்ல, வாரத்துக்கு மூன்று நாளாவது, மூன்று மாதமாவது தொல்லை இருக்க வேண்டும். பகல் வாழ்க்கையிலும் அதன் பாதிப்பு தெரிய வேண்டும். எல்லாரும் மறந்துபோகும் நிபந்தனை ஒன்றும் உண்டு: தூங்குவதற்குப் போதிய நேரமும் இடமும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனை பினாங்கில் பெரிய விஷயம். நாலரை மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளி பஸ் ஏற்றி, தானும் ஆலை பஸ்ஸைப் பிடிக்கிற ஒரு தாய் ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறார். படுத்ததும் தூங்கிவிடுகிறார். அவருக்கு இருப்பது தூக்கமின்மை அல்ல, போதாத தூக்கம். ஆய்வுக்கூடத்தில் ஒருவரை வேண்டுமென்றே விழித்திருக்க வைப்பது தூக்க இழப்பு. இந்த மூன்றையும் செய்தித்தாள்கள் 'தூக்கமின்மை' என்றே எழுதுகின்றன. நீங்கள் அப்படி எழுதக் கூடாது. தூக்கமின்மைக் கோளாறு உள்ளவருக்குச் சிகிச்சை தேவைப்படலாம். அந்தத் தாய்க்குத் தேவை நேரம். அவரைத் தூக்கமின்மை நோயாளி என்று பதிவு செய்தால், வேலை நேரத்தின் குறையை அவர் உடம்பின் குறையாக எழுதியவர்கள் ஆவோம். இந்த ஒரு காரணத்துக்காகவே சொற்களில் கறாராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழைய நூல்களில் முதன்மைத் தூக்கமின்மை, இரண்டாம்நிலைத் தூக்கமின்மை என்ற பிரிவு வரும். 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடும் மேலே சொன்ன 2014 வகைப்பாடும் அதைக் கைவிட்டுவிட்டன. பழைய ஆய்வை மேற்கோள் காட்டும்போது அவர்கள் சொல்லை அப்படியே எழுதுங்கள், உங்கள் ஆய்வுக்குள் கொண்டுவராதீர்கள்.

மக்கள் பேச்சை எப்படிப் பதிவு செய்வது? ஒரு பாட்டி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "இரவு முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை, தம்பி." படிவத்தில் தூங்கிய நேரம் 0 என்று போட்டுவிடாதீர்கள். மறுத்தும் பேசாதீர்கள். "படுத்தது எத்தனை மணிக்கு, அம்மா? கடைசியாக மணி பார்த்தது எப்போது என்று நினைவிருக்கிறதா?" என்று கேளுங்கள். "பள்ளிவாசலில் பாங்கு சொன்னது கேட்டது. அதற்கப்புறம் பேத்தி வந்து எழுப்பினாள்" என்பார். பாங்குக்கும் பேத்திக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று வீட்டாரிடம் கேட்டால் தெரிந்துவிடும். அவர் சொன்ன வாக்கியத்தை ஒரு பத்தியில் அப்படியே எழுதுங்கள், மணிக்கணக்கை இன்னொரு பத்தியில் எழுதுங்கள். இரண்டும் தரவுதான். தூக்கமின்மை உள்ளவர்கள் தாங்கள் தூங்கியதைக் குறைத்து மதிப்பிடுவது தூக்க ஆய்வில் நன்கு அறியப்பட்ட உண்மை. அந்த இடைவெளியை நீங்களே சமன் செய்துவிட்டால், ஆராய வேண்டிய ஒன்றையே அழித்துவிடுகிறீர்கள்.

அசதி என்று எழுதுவதற்கு முன்

பகல் நேரத் தூக்க மயக்கமும் களைப்பும் வெவ்வேறு. தூக்க மயக்கம் உள்ளவர் உட்கார வைத்தால் தூங்கிவிடுவார். களைப்பு உள்ளவர் படுத்தாலும் தூங்காமல் கிடப்பார், உடம்பில் தெம்பு இருக்காது. மூச்சுத்தடை உள்ளவர்களில் தூக்க மயக்கமும் தூக்கமின்மை உள்ளவர்களில் களைப்பும் கூடுதலாகத் தென்படும். இரத்தச்சோகை, தைராய்டுக் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றிலும் களைப்பு வரும்.

தமிழில் 'அசதியாக இருக்கிறது' என்றால் இரண்டும் ஆகலாம். 'கொஞ்சம் அசந்துவிட்டேன்' என்றால் கண்ணயர்ந்துவிட்டேன் என்று பொருள். 'வேலை செய்து அசந்துபோனேன்' என்றால் களைத்துவிட்டேன். பகல் தூக்க மயக்கத்தை அளக்கப் பெரிதும் பயன்படும் எப்வொர்த் அளவுகோல், 1991-இல் மெல்போர்னில் மருத்துவர் மர்ரி ஜான்ஸ் உருவாக்கியது. எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 24, 10-ஐத் தாண்டினால் மிகுதி. அதன் தொடக்கக் குறிப்பே, வெறும் களைப்பைக் கேட்கவில்லை, கண்ணயர்ந்துவிடும் வாய்ப்பைக் கேட்கிறோம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறது. அதை 'எவ்வளவு அசதியாக இருக்கும்?' என்று தமிழாக்கிக் கேட்டால் அளவுகோலின் முதல் வரியையே அடித்துவிட்டோம் என்று பொருள்.

நல்ல வேளையாக, நம்மவர்கள் பலருக்கு இந்த வேறுபாடு மலாய் வழியாக நாவிலேயே இருக்கிறது. மெங்ஙாந்துக் என்றால் தூக்கம் வருவது, லெத்தே அல்லது பெனாட் என்றால் களைப்பு. தமிழில் பேசிக்கொண்டிருக்கும் ஆலைத் தொழிலாளர் பதிலில் மட்டும் இந்தச் சொற்களைப் போடுவார். தமிழாக்கி எழுதாமல் அந்தச் சொல்லையே பதியுங்கள். சந்தேகம் வந்தால், "அண்ணே, அந்த நேரத்தில் கண் சொருகுமா, இல்லை உடம்பு மட்டும் சோர்ந்திருக்குமா?" என்று கேட்டால் உடனே பிரித்துச் சொல்லிவிடுவார். இந்தக் கேள்வி உங்கள் குறிப்புக்கு மட்டும்தான். அளவுகோலின் கேள்வியை அதற்கேற்ப மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

மாற்றக் கூடாது என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எப்வொர்த்தில் ஒரு சூழல், ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போவது. உங்கள் முன்னால் இருப்பவர் மோட்டார் சைக்கிள் மட்டுமே ஓட்டுபவராக இருக்கலாம். 'ஆலை பஸ்' என்று மாற்றிக் கேட்டால் கேள்வி அவருக்கு எளிதாகும், ஆனால் அந்த மதிப்பெண்ணை உலகின் வேறெந்த எப்வொர்த் மதிப்பெண்ணோடும் ஒப்பிட முடியாது. அப்படிப்பட்ட சூழலில் இருந்ததில்லை என்றாலும் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து சொல்லச் சொல்வது அந்தக் கருவியிலேயே உள்ள வழிமுறை. அதைப் பின்பற்றுங்கள். அளவுகோல்கள் பெரும்பாலும் பதிப்புரிமை உள்ளவை. தமிழ்ப் பதிப்பைப் பயன்படுத்தும் முன், யாரிடம் சரிபார்க்கப்பட்டது என்று பாருங்கள். சென்னையில் சரிபார்த்த வாக்கியம் புக்கிட் மெர்தாஜாமில் அதே பொருளைத் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. கட்டுரையில் எந்த மொழிப் பதிப்பு என்பதையும், எத்தனை பேர் எந்த மொழியில் பதில் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஓர் இரவின் கணக்கு

தூக்கத் திறன் என்றால் தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குவது என்று பாடநூல் சொல்லும். 85-க்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். எளிதாகத்தான் தெரிகிறது. ஒரு கடைக்காரரின் நாட்குறிப்பை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரவு 11:00-க்குப் படுக்கைக்குப் போனார், கைப்பேசி பார்த்தார். 11:30-க்கு விளக்கை அணைத்தார். 12:10-க்குத் தூங்கினார். 3:00 முதல் 3:40 வரை விழித்திருந்தார். காலை 5:50-க்கு விழித்தார், புரண்டுகொண்டிருந்துவிட்டு 6:30-க்கு எழுந்தார்.

தூங்கிய நேரம் 300 நிமிடம். அதில் யாருக்கும் சண்டை இல்லை. வகுக்கும் எண் எது? படுக்கைக்குப் போனதிலிருந்து எழுந்தது வரை 450 நிமிடம், அப்படியானால் திறன் 67 விழுக்காடு. விளக்கை அணைத்ததிலிருந்து எழுந்தது வரை 420 நிமிடம், 71 விழுக்காடு. விளக்கை அணைத்ததிலிருந்து கடைசியாக விழித்தது வரை 380 நிமிடம், 79 விழுக்காடு. தூங்கத் தொடங்கியதிலிருந்து கடைசியாக விழித்தது வரை 340 நிமிடம், 88 விழுக்காடு. முதல் கணக்கில் மோசமாகத் தூங்கியவர், கடைசிக் கணக்கில் நன்றாகத் தூங்கியவர். நான்கையும் 'தூக்கத் திறன்' என்ற பெயரில் எழுதியிருக்கும் கட்டுரைகள் உண்டு.

தூக்கம் பிடிக்க ஆன நேரமும் இப்படியே. படுக்கையிலிருந்து எண்ணினால் 70 நிமிடம், தூங்க முயன்றதிலிருந்து எண்ணினால் 40 நிமிடம். கைப்பேசி வந்த பிறகு இந்த வேறுபாடு மிகவும் கூடிவிட்டது. 2012-இல் வெளியான ஒருமித்த தூக்க நாட்குறிப்பு, படுக்கைக்குப் போன நேரத்தையும் தூங்க முயன்ற நேரத்தையும் தனித்தனிக் கேள்விகளாக வைத்திருக்கிறது. நாட்குறிப்பு கொடுக்கும்போது, "படுத்தது எப்போது?" என்பதோடு நிறுத்தாமல், "தூங்கலாம் என்று விளக்கை அணைத்தது எப்போது?" என்பதையும் கேளுங்கள்.

நடுவில் விழித்திருந்த நேரம் 40 நிமிடமா, 80 நிமிடமா? கடைசியாக விழித்துப் புரண்ட 40 நிமிடத்தைச் சேர்த்தால் 80. ஆய்வுக்கூடப் பதிவில் விளக்கைப் போடும் வரை உள்ள விழிப்பு முழுவதும் இதில் சேரும். நாட்குறிப்பில் அதிகாலை விழிப்பைத் தனியாக எடுத்துவிடுவது வழக்கம். எந்த முறை என்று ஒரு வரி எழுதுவதற்கு என்ன செலவு?

'தூக்கத் தரம்' என்ற சொல்லை மட்டும் முடிந்தவரை தவிருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட ஒற்றை அளவு கிடையாது. 1989-இல் வந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணையைப் பயன்படுத்தினால், 'பிட்ஸ்பர்க் மதிப்பெண் 5-க்கு மேல்' என்று எழுதுங்கள்.

மூச்சுத்தடையை எண்ணும்போது

ஆப்னியா, ஹைப்பாப்னியா என்று இரண்டு நிகழ்வுகள். மூச்சுக்காற்றின் ஓட்டம் 90 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்து 10 வினாடியாவது நீடித்தால் ஆப்னியா. இதில் பெரிய தகராறு இல்லை. ஹைப்பாப்னியாதான் எல்லாத் தலைவலிக்கும் காரணம். ஓட்டம் 30 விழுக்காடாவது குறைந்து 10 வினாடி நீடிக்க வேண்டும். அதோடு இரத்த ஆக்சிஜன் 3 விழுக்காடு இறங்க வேண்டும் அல்லது மூளை அலையில் நுண்விழிப்பு (சில நொடிகளே நீடிக்கும் விழிப்பு) தெரிய வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமியின் 2012 பரிந்துரை. ஆக்சிஜன் 4 விழுக்காடு இறங்கினால் மட்டுமே எண்ணுவது அதே கையேடு அனுமதிக்கும் இன்னொரு விதி. இரண்டாம் விதியில் எண்ணிக்கை குறையும். குறிப்பாக, ஒல்லியானவர்களிடமும் பெண்களிடமும் ஆக்சிஜன் அவ்வளவு இறங்காமல் நுண்விழிப்போடு முடியும் நிகழ்வுகள் பல விடுபட்டுப்போகலாம்.

இரண்டையும் கூட்டித் தூங்கிய மணிக்கணக்கால் வகுத்தால் ஏ.எச்.ஐ. பெரியவர்களுக்கு 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. குழந்தைகளுக்கு இந்த எல்லைகள் பொருந்தாது, அவர்களிடம் மணிக்கு 1 என்பதே கவனிக்க வேண்டியது.

வீட்டில் செய்யும் சோதனையில் பெரும்பாலும் மூளை அலைப் பதிவு இருக்காது. ஆள் எவ்வளவு நேரம் தூங்கினார் என்று கருவிக்குத் தெரியாது, பதிவான நேரம்தான் தெரியும். ஒருவருக்கு 80 நிகழ்வுகள், கருவி ஓடியது 8 மணி நேரம், அவர் உண்மையில் தூங்கியது 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 80-ஐ 8-ஆல் வகுத்தால் 10, லேசானது. 5-ஆல் வகுத்தால் 16, நடுத்தரம். போதாக்குறைக்கு, நுண்விழிப்பைக் காண வழியில்லாததால் மேலே உள்ள 80-உம் குறைவான எண்ணிக்கையாகவே இருக்கும். அதனால்தான் வீட்டுச் சோதனையின் எண்ணுக்கு ஆர்.இ.ஐ. என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். கருவியின் அச்சுத்தாளில் ஏ.எச்.ஐ. என்று வந்தாலும், எதனால் வகுத்தது என்று கையேட்டில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆர்.டி.ஐ. என்பது இன்னொன்று. ஆப்னியா, ஹைப்பாப்னியாவோடு, மூச்சிழுக்கச் சிரமப்பட்டு நுண்விழிப்பில் முடியும் நிகழ்வுகளையும் சேர்த்தது. பழைய கட்டுரைகள் சில இதை ஏ.எச்.ஐ.க்கு மாற்றுப் பெயராகவே எழுதியிருக்கும். அவர்களின் செய்முறைப் பகுதியைப் படிக்காமல் எண்ணை எடுக்காதீர்கள். ஆக்சிஜன் இறக்க எண்ணிக்கையை எழுதும்போது 3 விழுக்காடா, 4 விழுக்காடா என்று சொல்லாமல் விட்டால் அந்த எண்ணால் பயன் இல்லை.

குறட்டை இவற்றில் எதுவும் அல்ல. குறட்டை விடுகிறவர் எல்லாருக்கும் மூச்சுத்தடை கிடையாது. ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விச் சோதனையில் 5-ஓ அதற்கு மேலோ வாங்கியவருக்கு 'ஆபத்து அதிகம்' என்று எழுதலாம், 'நோய் உள்ளது' என்று எழுதக் கூடாது. வடிகட்டுவது வேறு, நோயறிதல் வேறு. அந்த மாமாவிடம் நேரிலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்: "உங்களுக்கு இருக்க வாய்ப்பு கூடுதல், ஐயா. தூக்கப் பரிசோதனை செய்தால்தான் உறுதியாகத் தெரியும்."

கைக்கடிகாரம் சொல்லும் ஆழ்ந்த தூக்கம்

ஆய்வுக்கூடத்தில் மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை மூன்றையும் பதிந்து, 30 வினாடிக்கு ஒரு துண்டாக எடுத்து நிலைகளைப் பிரிப்பார்கள். 1968-இன் விதியில் ஒன்று முதல் நான்கு வரை நிலைகளும், கண்கள் வேகமாக அசையும் ரெம் நிலையும் இருந்தன. 2007-இல் மூன்றையும் நான்கையும் இணைத்து, ஆழ்ந்த தூக்க நிலையான என்3 ஆக்கினார்கள். பழைய ஆய்வின் 'நிலை 3' இன்றைய என்3 ஆகாது.

கையில் கட்டும் ஆய்வுக் கருவி அசைவை மட்டும் பதிகிறது, அதிலிருந்து தூக்கத்தை மதிப்பிடுகிறது. அசையாமல் விழித்துக் கிடப்பவரை அது தூங்குகிறார் என்று கணக்கிடும். ஆகவே 'அளந்தோம்' என்பதைவிட 'மதிப்பிட்டோம்' என்பதே சரி. கடைக் கடிகாரம் காட்டும் 'ஆழ்ந்த தூக்கம்' அந்த நிறுவனத்தின் சூத்திரம் தரும் எண். அதை என்3 என்று எழுதவே எழுதாதீர்கள். நம் பேச்சில் வரும் கோழித் தூக்கமும் இப்படித்தான். அழகான சொல், மேற்கோளுக்குள் இருக்கட்டும். என்1, அதாவது மிக லேசான தூக்க நிலை, என்று மொழிபெயர்க்க வேண்டாம்.

இரவு ஷிப்ட்காரரின் 'நேற்றிரவு'

பாயான் லெப்பாஸில் பல ஆலைகள் 12 மணி நேர ஷிப்டில் ஓடுகின்றன, பகலும் இரவும் மாறி மாறி வரும். இவர்களிடம் "நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று கேட்டால், "வேலையில் இருந்தேன்" என்பதே பதில். 'முதன்மைத் தூக்கம்' என்று ஒன்றை வரையறுங்கள்: 24 மணி நேரத்துக்குள் தூங்கியவற்றில் மிக நீண்டது. அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதையும் சொல்லுங்கள். மற்றவை குட்டித் தூக்கம், தனியாகக் கூட்டுங்கள். மொத்தத்தில் அவற்றைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதும் அட்டையில் இருக்க வேண்டும். 'கடந்த மாதம் வழக்கமாக எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?' என்று கேட்கும் பிட்ஸ்பர்க் அட்டவணை இவர்களுக்குச் சரிப்படாது, இவர்களுக்கு 'வழக்கம்' என்று ஒரே நேரம் இல்லை.

இரவு வேலையில் கண் சொருகுவது எந்த மனிதருக்கும் நேரும். அதையே ஷிப்ட் வேலைத் தூக்கக் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள். தூக்கமின்மையோ தூக்க மயக்கமோ வேலை நேரத்தோடு தொடர்புபட்டு மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும், மொத்தத் தூக்கமும் குறைந்திருக்க வேண்டும், வேலை நாளும் விடுப்பு நாளும் சேர்ந்த 14 நாள் நாட்குறிப்பாவது வேண்டும். ஒருநாள் நேர்காணலில் இது தெரியாது.

இரவு ஷிப்ட் முடிந்து பகலில் படுப்பவர்கள் அமுக்குவான் பேய் பற்றியும் சொல்வார்கள். மலாயில் 'கெனா திண்டே'. விழிப்பு வந்தும் உடம்பை அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். ரெம் தூக்கத்தில் தசைகள் தளர்ந்து கிடக்கும் நிலை விழிப்பிலும் சில நொடி, சில நிமிடம் தொடர்வதால் வருவது இது. தூக்க முடக்கம் என்று பதியலாம். கேட்கும்போது அவர்கள் சொல்லையே பயன்படுத்துங்கள். "பேய் எல்லாம் இல்லை" என்று திருத்தத் தொடங்கினால் அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் வராது.

எழுதி முடித்த பிறகு

கட்டுரையைக் கணினியில் திறந்து, அட்டையில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தேடுங்கள். வரும் இடத்திலெல்லாம் அதே பொருளில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அட்டையில் இல்லாத ஆனால் கட்டுரையில் வரும் தூக்கச் சொற்களைத் தேடுங்கள். 'மோசமான தூக்கம்', 'தூக்கப் பிரச்சினை', 'கெட்ட தூக்கம்' என்று நான்கைந்து அகப்படும். ஒவ்வொன்றையும் அட்டைச் சொல்லாக மாற்றுங்கள் அல்லது நீக்குங்கள். ஆய்வில் பங்கேற்றவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர், 'பங்கேற்பாளர்' என்பதே பொது. மூச்சுத்தடைக்கு முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சீபேப் கருவி பற்றி எழுதினால் 'ஒழுங்காகப் பயன்படுத்தினார்' என்று விடாமல், எத்தனை இரவுகள், இரவுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 'தூக்கக் குறைவால் எடை கூடியது' என்று எழுத முடியாது. 'தூக்கம் குறைந்தவர்களிடம் எடை கூடுதலாகக் காணப்பட்டது' என்பது வரைதான் உங்கள் தரவு பேசும்.

பங்கேற்பாளர்களுக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுங்கள். அச்சிடும் முன், ஆய்வோடு தொடர்பே இல்லாத ஒருவரை, உங்கள் சித்தியோ பக்கத்து வீட்டு அண்ணனோ யாராக இருந்தாலும், சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்தச் சொல்லில் நின்று "அப்படியென்றால்?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தில் அளவை எழுதிவிடுங்கள்: 'நடுத்தர மூச்சுத்தடை, அதாவது தூங்கும்போது மணிக்கு 15 முதல் 30 தடவை மூச்சு நின்றதோ குறைந்ததோ.'